இரண்டாவது டிகாக்‌ஷன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்கு இரண்டாவது டிகாக்‌ஷன்தான் பிடிக்கும்.
யாரும் பாவப்பட வேண்டாம்.

அயனாவரம் மார்க்கெட் பக்கம்
கொட்டை அரைத்துத் தரும் ஜமால்
என் தலை தெரிந்ததுமே அள்ளிப் போடுவான்:
பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி,
நூறுக்குப் பதினைந்து சிக்கரி.
"நைஸா அரைக்காதே, அடைச்சுக்கும்" என்பேன்.
"தெரியும்க்கா" என்பான்,
நைஸாகத்தான் அரைப்பான்.
ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே
சூடு அடங்காத பொட்டலம்.
சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோ மொத்தமும்
திரும்பிப் பார்க்கும்.

அதனால் ஃபில்டரின் துளைகளை
தினமும் நெருப்பில் காட்ட வேண்டியிருக்கிறது.
நாலு கரண்டி பொடி.
தட்டிச் சமனாக்கி, குடையை அமுக்கி,
கொதிக்கிற தண்ணீரை ஓரமாகச் சுற்றி ஊற்றினால்
முதலில் ஒன்றுமே கேட்காது.
பிறகு ஒரு சொட்டு.
அடுத்த சொட்டுக்குள்
இரண்டு தோசைக்குச் சட்னி அரைத்துவிடலாம்.

அது திருநாவுக்கு.
பச்சை பாக்கெட் பால், தண்ணீர் படக்கூடாது,
ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை,
நுரை ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும்.
நின்றபடியே குடித்துவிட்டு
"ம்" என்பார்.
ஐ.சி.எஃப். சைரனுக்கு முன்னால்
அதற்கு மேல் பேச நேரமில்லை.

பிறகு அதே பொடியில் மறுபடி வெந்நீர்.
இப்போது மளமளவென இறங்கும்,
இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல.
நிறம், மழைக்கு மறுநாள்
கொன்னூர் நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீர்.
சிரிக்காதீர்கள்,
வெயில் பட்டால் அதுவும் அழகுதான்.
பால் கொஞ்சம். சர்க்கரை கிடையாது.
பெரிய டம்ளர்.
ஆறட்டும், ஆடை படியட்டும்.
ஆடையை விரலால் ஓரம் ஒதுக்கி
கடைசிக்கு வைத்துக்கொண்டு
இருபது நிமிடம் குடிப்பேன்.
கீழ்வீட்டு மோட்டார் போட்டு நிறுத்தும்வரை
அந்த நேரம் என்னுடையது.

போன தையில் நாத்தனார் எழிலரசி பார்த்துவிட்டாள்.
"என்ன அண்ணி, சக்கைத் தண்ணியக் குடிக்கிறீங்க?
எந்தக் காலத்துல இருக்கீங்க?"
அண்ணனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டாள்.
அவர் பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
என் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்குப் பிடிக்கும்" என்றேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
அப்படித்தானே சொல்வார்கள்,
பிடிக்காதவர்களும்.

அன்றிலிருந்து நாக்கின்மேல் சந்தேகம்.
பிடித்ததால் குடித்தேனா,
குடித்ததால் பிடித்ததா?
அவர் பயிற்சிக்கு ஜபல்பூர் போன வாரம்
யாருக்கும் சொல்லாமல்
முதல் டிகாக்‌ஷனை எனக்கே கலந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
கெட்டியாக, அதிகாரமாக,
தொண்டையில் இறங்கிய பிறகும் பேசிக்கொண்டே.
நியாயத்துக்காக மூன்று நாள் குடித்தேன்.
மூன்று நாளும் பதினோரு மணிக்கு
நெஞ்சு படபடவென்று
எதற்கோ தாமதமாகிவிட்டதுபோல் அடித்தது.
நாலாம் நாள் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி
மாடிவீட்டுப் புஷ்பலதாவிடம் கொடுத்துவிட்டு
என் மழைத்தண்ணீருக்கு வந்தேன்.
ஆடை விழும்வரை காத்திருந்தேன்.
நாக்கு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் விடியற்காலை
சமையலறையில் பாத்திரச் சத்தம்.
திருநாவு நிற்கிறார்,
கையில் இரண்டு டம்ளர்.
கறுத்த, நுரைத்த ஒன்றை என் பக்கம் நீட்டி,
வெளுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.
எழிலரசி போனில் பேசியிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் மரியாதையாக
ஒரு மிடறு குடித்தோம்.
அவர் முகம் கஷாயம் குடித்த பிள்ளை முகமாயிற்று.
"மாத்திக்கலாமா?" என்றேன்.
வாய் திறக்குமுன்னே கை நீண்டுவிட்டது.

என் டம்ளர் என்னிடம் வந்தது.
ஆசையாக ஒரு வாய் வைத்தேன்.

பதினெட்டு வருஷம்.
அதிலும் ஒன்றரை ஸ்பூன் போட்டிருந்தார்.