அரை மில்லிமீட்டர்

திங்கள்தோறும் கடை திறக்கும் முன்
கார்லா வெஸ்டர்லண்ட் ஒரு தாளோடு வருவாள்.
நீலம் அறுபத்து மூன்று. சிவப்பு முப்பத்தேழு.
ஐஸ் ஹாக்கி ஸ்கோர் வாசிக்கும் குரல்.
தாள் சொன்னபடி அலமாரியை நகர்த்துவது என் வேலை.
சிவப்பு உறைகளுக்கு ஒரு சாண் குறையும்,
நீல உறைகளுக்கு ஒரு சாண் கூடும்.
இரண்டையும் சேர்த்தாலும்
கடையில் விற்கும் தட்டுகளில்
நூற்றுக்கு நான்குகூடத் தேறாது.
தாளில் அந்த வரி மட்டும் இருக்காது.

டுலூத். நவம்பர் கடைசி.
வாசல் கதவின் ரப்பர் விளிம்பு உறைந்து
திறக்கும்போதெல்லாம் கிழிவதுபோல் சத்தம்.
உள்ளே பன்னிரண்டு திரைகளில்
ஒரே கடலாமை நீந்திக்கொண்டிருந்தது,
ஓட்டின் கீறல்கள் ஒவ்வொன்றும் தெரிய.
ஆறு, சிவப்புக் கட்சி ஆமைகள்.
ஆறு, நீலக் கட்சி.
எது நல்லது என்று கேட்டவர்களிடம்
இரண்டும் ஆமைதான் என்றேன்.
கார்லா அதை ரசிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நிறுவனத்து ஆட்கள் வருவார்கள்.
நீலச் சட்டைக்காரன் டோனட் கொண்டுவருவான்.
சிவப்புச் சட்டைக்காரன்
ஐந்து படம் இலவசம் என்ற கூப்பன் கட்டோடு.
இருவரும் பின்கதவருகே
ஒரே லைட்டரில் சிகரெட் பற்றவைத்ததை
நான் பார்த்திருக்கிறேன்.

ஓர்வில் நீமி வந்தது
வான்கோழி தின்ற மறுநாள் கூட்டத்தில்.
இரும்புத் தாது ஏற்றும் துறையில் வேலை,
கையுறையைக் கழற்றாமலே பெட்டியைத் தடவினார்.
"எது ஜெயிக்கும்?"
அந்த வாரம் சிவப்புப் பெட்டி ஒன்று விற்றால்
எங்களுக்குப் பத்து டாலர் தனி.
"சிவப்பு," என்றேன்.
யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம்
ஆமை ஒருமுறை துடுப்பை அசைக்கும் நேரம்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
பெரிய ஸ்டூடியோ ஒன்று அந்தப் பக்கம் தாவியது.
பிப்ரவரியில் சிவப்பை உருவாக்கியவர்களே
போதும் என்று சொல்லிவிட்டார்கள்.
எண்பத்தைந்து, பதினைந்து என்றாள் கார்லா.
டோனட் வருவது நின்றது.
ஜெயித்தவர்களுக்கு இனி எங்கள் தயவு எதற்கு?

ஓர்வில் மறுபடி வந்தபோது
நான் கிடங்குக்குள் போய்விடப் பார்த்தேன்.
அவர் கோபமாக இல்லை, அது இன்னும் மோசம்.
"உள்ளே அப்படி என்னதான் வித்தியாசம்?"
சொன்னேன்: இரண்டிலும் ஒரே ஊதா ஒளி.
ஒன்றில் எழுத்து மேல்தோலுக்குச் சற்றுக் கீழே,
மற்றதில் இன்னும் அரை மில்லிமீட்டர் ஆழத்தில்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
ஏறக்குறைய ஒட்டிவைத்துக்கொண்டு
அந்த இடுக்கு வழியே என்னைப் பார்த்தார்.
"நாலு அங்குலம் உறையாத ஏரியில்
நான் காலே வைக்க மாட்டேன், தம்பி.
இதை நம்பி நூறு டாலர் வைத்திருக்கிறேன்."

பிறகு தள்ளுபடித் தொட்டியில் குனிந்து
சிவப்பு உறைகளை அள்ளத் தொடங்கினார்.
தட்டு ஒன்று நாலு டாலர், முப்பத்தோரு தட்டு.
போர்ப்படம், சமையல் பாடம், ஒரு பாலே நடனம்கூட.
"மேரிபெத் திட்டுவாள்," என்றார், எதையும் திரும்ப வைக்காமல்.
"ஆனால் இனி இதில் புதுசு என்று
யாரும் எனக்கு எதையும் விற்க வர முடியாதே."
என் ஊழியர் தள்ளுபடியை
அவர் பில்லில் சத்தமில்லாமல் அழுத்தினேன்.
பன்னிரண்டு டாலர் சொச்சம்.
கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் கடைக்கு ஒரு தொலைபேசி.
பாலே இரண்டாம் காட்சியில் திக்குகிறதாம்.
"மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள்."
"நாலு தடவை துடைத்துவிட்டேன்."
மாற்றித் தர உலகில் வேறு தட்டு இல்லை,
அது அவருக்கும் தெரியும்.
வைத்துவிடாமல் இருந்தார். நானும்.
அவருக்குப் பின்னால் வயலின்கள்
ஓரடி எடுத்துவைப்பதும்
நிற்பதும்
அதே ஓரடியை மறுபடி எடுத்துவைப்பதுமாக