மூன்று விரற்கடை ப்ளே

மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்துவரை
சோமனூரில் கரண்ட் இல்லை.
எட்டுத் தறியும் வாயை மூடிக்கொண்டன.
வருஷத்தில் இப்படிச் சில நாள்தான்
எங்கள் வீட்டில் மெல்லப் பேசினாலும் காது கேட்கும்.
கேட்டு என்ன, வசந்தாமணி பேசி ரெண்டு நாளாச்சு.

பத்மினியை ஜாக்கி வைத்துத் தூக்கி
புளியங்கட்டை ரெண்டு கொடுத்து நிறுத்தினேன்.

கூலிப் பாக்கியை ஒன்பது மாசம் இழுத்தடித்த நாச்சிமுத்து
"பணமில்லீங்க, வேணும்னா இதை வெச்சுக்குங்க" என்று
சாவியைத் தறிமேல் வைத்துவிட்டுப் போன வண்டி.
எண்பத்து நாலு மாடல், பாசிப்பச்சை.
ஸ்டீயரிங்கை மூன்று விரற்கடை திருப்பும்வரை
சக்கரத்துக்குச் சேதியே போகாது.
அந்த இடைவெளியில் கார் தன் போக்கில் யோசிக்கும்.
கருமத்தம்பட்டி தாண்டி ஒருநாள்
நான் இடது என்றேன்,
அது லாரி என்றது.
அதோடு வசந்தாமணி ஏறுவதில்லை.
கல்யாணமோ காரியமோ, பஸ்தான்.

உக்கடத்தில் சம்சுதீன் கடை.
குவியலுக்குள் தோள்வரை கைவிட்டு உருவினார் ஒரு பெட்டியை:
"வார்ம் பல்லைத் தடவிப் பாருங்க. தேய்மானம் இருந்தா
காசு திருப்பித் தர்றேன்."
இரண்டாயிரத்து எண்ணூறு. சீட்டுப் பணம்.
பேச்சு நின்றது அதனால்தான்.
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
கண்டக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு லக்கேஜ் போட்டார்.

ஹாரன் பட்டன் கழன்றது. நடு நட்டு கழன்றது.
ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன்.
மூன்று போல்ட்டில் இரண்டு சொன்னபடி கேட்டன,
மூன்றாவதுக்கு முழங்கைத் தோலைக் கொடுத்தேன்.
ஆனால் அந்தக் கீழ்க்கை.
பெட்டியின் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் அந்த இரும்புக் கை
நாற்பது வருஷத்துப் பிடியை விடவே இல்லை.
மண்ணெண்ணெய் ஊற்றினேன். தறிப் புல்லி கழற்றும்
மூன்று கால் புல்லரை மாட்டினேன். புல்லர்தான் வளைந்தது.
மல்லாந்து கிடந்து நாச்சிமுத்துவின் பரம்பரையை
வாய்க்கு வந்தபடி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இரண்டு கால், கொலுசில் பஞ்சு.
"ஒத்தைச் சுத்தியல்ல அடிச்சா எப்புடிங்க வரும்?
ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல விழோணும்.
அக்கட்ட தள்ளுங்க."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குத்தவைத்தாள்.
அவள் சுத்தியல் அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம்.
"எண்ணோணுமா?"
வேண்டியிருக்கவில்லை.
முதல் அடி. இரண்டாவது.
மூன்றாவதில் டிக் என்று ஒரு சத்தம்.
கை கழன்று மண்ணில் கிடந்தது.

புதுப்பெட்டி (பழசுதான், எனக்குப் புதுசு) உட்கார்ந்தது.
தொண்ணூறு ஆயில் முக்கால் டம்ளர் குடித்தது.
மேல் திருகை இறுக்கினால் முறுக்கிக்கொண்டது,
கால் சுற்று விட்டேன். வழிக்கு வந்தது.

நாலே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது.
காலையில் நிறுத்த மறந்த மூன்றாம் தறி
ஆளில்லாமல் தானே ஓட ஆரம்பிக்க,
வசந்தாமணி எழுந்து ஓடினாள்.
வெள்ளைக் காடாவின்மேல் கருப்பாய்
அஞ்சு விரலும் உள்ளங்கையும்.
அந்த ஒரு மீட்டர் டேமேஜ்.

பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கேட்காமலே.
சாமளாபுரம் ரோடு. நேரே போகிறோம்.
விரலால் தொட்டால் போதும், வண்டி புரிந்துகொள்கிறது.

"ஏனுங்க, இது ஏன் கோணையா இருக்குது?"

ஸ்டீயரிங்கைக் கழற்றுமுன்
ஒரு கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். போடவில்லை.
ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன்.
கார் நெட்டுக்குப் போகிறது,
ஸ்டீயரிங் மட்டும்
பல்லடத்துக்குத் திரும்புவதுபோல் சாய்ந்திருக்கிறது.

"நாளைக்குக் கழட்டி மாட்டிரலாம்" என்றேன்.
அடுத்த கரண்ட் நிறுத்தம் எப்போது என்று
அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.