வாய்வரை நிரம்பிய பாட்டில்

முதல் தடவை பவண்டோ பாட்டிலில் கொண்டுவந்தார் தாட்சாயிணி.
பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி வேண்டும்,
வாய்வரை நிரப்பி மூட வேண்டும்,
உள்ளே ஒரு குமிழிகூடக் கூடாது என்றேன்.
மணலியிலிருந்து அம்பத்தூருக்கு இரண்டு பஸ்.
மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து
என் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார்:
"பாத்துக்கோ. ஒரு குமிழி இல்ல."

போர் தண்ணீர். லேசான மஞ்சள்.
மூடியைத் திறந்தால் பெட்ரோல் பங்க்.

எங்கள் கூடத்தில் இரண்டு எந்திரங்கள்.
வாயுவில் ஓடுவது சற்குணத்தினுடையது.
திரவத்தில் நடப்பது என்னுடையது.
நடுவில் ஒரு மேசை, ஒரு கெட்டில்,
எது உசத்தி என்று ஏழு வருடச் சண்டை.

அவனுடையதன் வயிற்றில் ஓர் அடுப்பு.
அடுப்புக்குள் கொசுவத்திபோல் சுருண்டு
தலைமுடி கனத்தில் முப்பது மீட்டர்க் குழாய்.
ஹீலியம் ஊதும், சூடு ஏறும்,
பறக்கத் தெரிந்தவை மட்டும் பறக்கும்.
உட்சுவரைப் பிடித்துக்கொள்ள யாருக்கு எவ்வளவு ஆசையோ
அவருக்கு அவ்வளவு தாமதம்.
பென்சீன் முதலில். பின்னால் டொலுவீன்.
சைலீன்களில் இரண்டு மட்டும்
ஒரே சட்டைக்குள் புகுந்துகொண்டு
ஒற்றை முகடாய் வெளியே வரும்.
இதைச் சொல்லிக் காட்டினால்
அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

என்னுடையது ஒரு சாண் எஃகுக் குழல்.
உள்ளே மாவைவிடப் பொடியான மணல்,
ஒவ்வொரு துகளுக்கும் எண்ணெய்ப் பிசுக்காய் ஒரு மேற்பூச்சு.
தண்ணீரையும் மெத்தனாலையும் கலந்து
பம்பு இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் தள்ளுகிறது.
சுட்டால் கருகிவிடுகிறவை,
பறக்கவே போகாத பெருத்த உடம்புக்காரர்கள்,
மாத்திரை மிச்சங்கள், சாயங்கள்,
பாரிமுனையில் கடைகடையாய் நின்று பேரம் பேசி
வீடு திரும்புகிறவர்கள் மாதிரி
வந்து சேர்வார்கள்.
தண்ணீர்மேல் பிரியம் உள்ளவர் முன்னால்,
பிசுக்கின்மேல் பிரியம் உள்ளவர் கடைசியில்.
நேரம் பிடிக்கும். பம்பு கசியும்.
மெத்தனால் விலையை மாதம் ஒரு தடவை
மேலாளர் என்னிடம் ஒப்பிப்பார்.

சற்குணத்தின் தாள் மாலை நாலு மணிக்கே வந்துவிட்டது,
கிண்டிப் பாலத்து வண்டிகள்போல் முட்டி நிற்கும் முகடுகள்.
"பெட்ரோல்தான். எழுதி முடி."
மஞ்சள்?
"என் தாளில் மஞ்சள் இல்லையே."

பள்ளிக்கூடத்தில் இதற்கு வண்ணப்பிரிகை என்று பேர்.
எங்கள் தாளில் வண்ணம் வராது,
கறுப்புக் கோடு, அதில் மேடு பள்ளம், அவ்வளவுதான்.

ராத்திரி நான் ஓட்டினேன்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போய்
யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.
பதினொன்றரை நிமிடத்தில்
தோள் அகன்ற ஒரு முகடு எழுந்தது:
ஏதோ துணிச் சாயம்.
பெட்ரோலோ, நான் வடிகட்டியபோதே
பாதிக்குமேல் அறைக்காற்றோடு போயிருந்தது.
என் அடிக்கோட்டில் ஒரு நடுக்கம் தவிர
அது வந்துபோன அடையாளமே இல்லை.

ஆக, அவன் தாளில் சாயம் கண்டறியப்படவில்லை.
என் தாளில் பெட்ரோல் கண்டறியப்படவில்லை.
இருவரும் பொய் சொல்லவில்லை.
கண்டறியப்படவில்லை என்பதற்கு
இல்லை என்று அர்த்தமில்லை என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
விடியும்வரை படிவத்தைப் புரட்டினேன்.
அப்படி ஒரு கட்டம் அச்சடிக்கவில்லை.
இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன்.

சனிக்கிழமை தாட்சாயிணி வந்தார்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
முதல் பக்கம் பார்த்தார், இரண்டாம் பக்கம் பார்த்தார்,
மறுபடி முதல் பக்கம்.
"எல்லாத்தையும் தனித்தனியா எடுத்துட்டீங்க, சரி.
இதுல தண்ணி எந்தப் பக்கத்துல இருக்கு?"

சற்குணம் என்னைப் பார்த்தான்.
நான் கெட்டிலைப் பார்த்தேன்.
அதில் இருந்தது கேன் தண்ணீர்.
அதை நாங்கள் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை.