அன்றைய பெறுமதி

இணுவிலில் எட்டுப் பரப்பு, கல்வீடு,
பொதுக்கிணற்றில் ஆறிலொரு பங்கு.
நாடாவின் மறுமுனையை
வாடகைக்கு இருப்பவரின் மகன் பிடித்திருக்கிறான்.

போனில் சசிதரன்.
பிரம்ப்டனில் சாமம் ஒரு மணி.
அங்கத்தை வீட்டுக்கடன் வட்டி ஏறிவிட்டது,
இதை விற்றே ஆகவேண்டுமாம்.
விற்றால், லாபத்தில் பாதிக்கு அந்த நாட்டு வரி.
"அப்பா செத்த அண்டைக்கு வீடு என்ன விலை?
கணக்காளர் கடிதம் கேக்கிறார், அண்ணை.
கொஞ்சம் கூட்டியே போடுங்கோ."

மரண அத்தாட்சியைப் பார்க்கிறேன்.
தொண்ணூற்றைந்து, கார்த்திகை ஏழு.

அன்று இணுவிலில்
வாங்க ஆளில்லை, விற்க ஆளில்லை.
கிணற்றின் ஆறு பங்குக்கும் ஒரு வாளி இறங்கவில்லை.
அவர் கொடிகாமத்துப் பள்ளிக்கூடமொன்றில்
கரும்பலகைக்குக் கீழே கிடந்தார்,
வீட்டுத் திறப்பு மடியில்.

உள்ளதை எழுதினால் சுழியம்.
சுழியம் என்று எழுதினால்
சுவர், கூரை, கிணற்றுப் பங்கு
எல்லாமே சசிதரனுக்கு லாபம்.

"அண்ணை, லைனில நிக்கிறியளோ?"

வெயில் ஏறுகிறது. நாடா தொய்கிறது.
"விடட்டோ அங்கிள்?" என்கிறான் பையன்.
பிடியடா, என்கிறேன்,
இன்னும் கொஞ்ச நேரம்.