கலர் டிரஸ் வெள்ளி

பெயர் சொல்ல வேண்டாம் என்று
ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுத்தோம்.
"நம் பள்ளிக் குடும்பம் ஒன்று"
அறிவிப்புப் பலகையில் அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த், ஏழாவது யூனிட்.
முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வீடு.
மின்வெட்டு. மெழுகுவர்த்தி. திரைச்சீலை.
இடப்பாதி போயிற்று.
வலப்பாதியில் அன்றிரவும்
யாரோ சப்பாத்தி சுட்டிருக்கிறார்கள்.

யோசனை என்னுடையது.
கணக்குப் பதிவியல் நடத்துகிறவளுக்கு
கூட்டலைவிடப் பெருக்கல் பிடிக்கும்.
வெள்ளிக்கிழமை சீருடை வேண்டாம்,
பிடித்ததை உடுத்தி வா,
தலைக்கு ஐந்து ராண்ட்.
ஆயிரத்து நூறு தலைகள்,
நீங்களே பாருங்கள் என்றேன்.
கைதட்டினார்கள்.

கூடவே பிரியாணி.
விடிகாலை மூன்று மணிக்கு
சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நான்கு அண்டா.
காவலாளி க்வேலா
அகப்பையை மண்வெட்டிபோல் பிடித்துக் கிண்டினார்.
வெங்காயம் உரித்த லோகாம்பாள் மிஸ்
அழுகைக்கு வேறு காரணமும் வைத்திருந்தாள்,
கேட்கவில்லை.
உப்பை யார் போட்டது என்று
பூபாலன் சாருக்கும்
ஜூலு மொழி நடத்தும் நொம்பூசோவுக்கும் வாக்குவாதம்.
இருவருமே போட்டிருந்தார்கள்.

ஏழரைக்குக் கேட் திறந்தது,
கண் கூசியது.
மஞ்சள் கால்பந்துச் சட்டைகள்,
தீபாவளிக்கு எடுத்து மடிப்புக் கலையாத குர்த்தா,
அக்காவின் குதிகால் செருப்பில் நொண்டும் எட்டாம் வகுப்பு,
அப்பாவின் கோட்டுக்குள் தொலைந்துபோன ம்துன்சி.
தலைமையாசிரியரே ஜீன்ஸ்.
அவர் முழங்கால்களுக்கு
இவ்வளவு சுதந்திரம் பழக்கமில்லை.

பத்தாம் வகுப்பு பி.
ஜன்னலோரம், மூன்றாவது மேசை.
சாம்பல் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, டை.
முடிச்சுகூட இறுக்கமாக.

செவ்வாயன்று நாங்கள்தான் கொடுத்தோம்,
தொலைந்த பொருள் அலமாரியில்
அளவு பார்த்து எடுத்து.
அவனிடம் இருந்த உடுப்பு அது ஒன்றுதான்.
தெரிந்திருந்தது எனக்கு.
தெரிந்தேதான் பெருக்கியிருக்கிறேன்.

பெயரை யாரும் சொல்லவில்லை.
சட்டை சொல்லிவிட்டது.

"மறந்துட்டியாடா?"
முன் மேசைக்காரன் திரும்பிக் கேட்டான்.
"ஆமா, மறந்துட்டேன்."
சிரித்தான்.
நன்றாகவே சிரித்தான்,
அதற்கு மதிப்பெண் போட முடியாது.

உண்டியல் வரிசை வரிசையாக வந்தது.
தூக்கி வந்த சினெஹ்லே
அவன் மேசையை மட்டும்
பார்க்காததுபோல் தாண்டினாள்.
"ஏய், நில்லு" என்றான்.
வெள்ளி வளையத்துக்குள் பொன் வட்டம்,
ஐந்து ராண்ட்.
கைக்குள்ளேயே வைத்திருந்ததில்
நாணயம் வியர்த்திருக்க வேண்டும்.
விழுந்த சத்தம் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது.

சாயங்காலம் எண்ணினோம்.
ஆசிரியர் அறை மேசையில்
நாணயக் கோபுரங்கள்,
நடுவே இரண்டு பொத்தான்கள்,
ஒரு மொரீஷியஸ் காசு.
உண்டியலில் ஐயாயிரத்து நானூற்று எழுபது.
பிரியாணியில்
அரிசி, கோழி, காஸ் போக
ஏழாயிரத்துச் சொச்சம்.
ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இருபத்திரண்டு ஆண்டாக
இரட்டைப் பதிவு நடத்துகிறேன்.
ஒரு பக்கம் வாங்கியவர்,
மறுபக்கம் கொடுத்தவர்,
கீழே கோடு, இரண்டும் சமம்.
ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றால்
எங்கே எழுத என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.
அந்த ஐந்தைத் தனியே எடுக்கலாம் என்றால்
ஆயிரத்துத் தொண்ணூற்று நான்கில்
அது எது?

திங்கட்கிழமை அவன் அம்மா வந்தார்.
உறையை வாங்கி, பிரிக்காமல்,
கைப்பையில் வைத்தார்.
"ரசீதில் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.
போடணும்தான்.
வேண்டாம் என்றேன்.

போன பிறகு பூபாலன் சார் கேட்டார்:
"அடுத்த வருஷமும் வைப்போமா?"
"பிரியாணி மட்டும்" என்றேன்.
"ஏன்?"
"உப்பு நன்றாக இருந்தது, சார்."