நகத்தால் கீறிப் பார்த்தல்

நர்சரியின் பின்வாசலில் என் மேசை.
செத்த செடிகள் வந்து சேரும் இடம்.
ஓராண்டு உத்தரவாதம், ரசீது கட்டாயம்,
வேரோடு கொண்டுவர வேண்டும்
என்று பலகை சொல்கிறது.
வேரோடு பிடுங்கிய பின் எது பிழைக்கும்
என்பதைப் பலகை சொல்வதில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்,
பள்ளிப் பேருந்தையே ஓட்டி வந்துவிட்டாள்
வெர்னா ஸ்டாக்லி.
பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியாம்.
மூன்றாம் இருக்கையில், ஜன்னலோரம்,
இடுப்புவரை குப்பைப் பை கட்டிய
ஒரு ஹாலிச் செடி.

"ஆறு நட்டேன், செப்டம்பர் கடைசியில்.
மற்ற ஐந்தும் இதே கோலம்."
கிளைக்கு நாலு இலை,
அதுவும் பேருந்தின் நிறத்தில்.
ஆண்டு முழுக்கப் பச்சை என்று
செடியில் தொங்கிய அட்டையை
எனக்கே படித்துக் காட்டினாள்.

தண்ணீர்?
விடியுமுன் ஒரு வாளி. சாயங்காலம் ஒரு வாளி.
மழை பெய்தாலுமா?
மழையை எப்படி நம்புவது, என்றாள்.

பையை அவிழ்த்தேன்.
செசபீக் கரையின் களிமண்,
பிடித்தால் சோப்பு, விட்டால் செங்கல்.
குழியைச் சட்டியாக்கி
ஊற்றியதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது.
கழுவாத நண்டுக் கூடையின் வாடை.
தண்டில் நாலு விரற்கடைக்குப் புதைந்த தடம்,
இறுக்கிய காலுறை விட்டுப்போனது போல.
வேர்களோ தொட்டியை இன்னும் மறக்கவில்லை.
திறந்த மண்ணிலும்
சுற்றிச் சுற்றி அதே வட்டம்.

"என் ரூட்டும் இப்படித்தான்" என்றாள்.
சிரிக்கவில்லை.

பிறகு கட்டைவிரல் நகத்தால்
பட்டையில் ஒரு சின்னக் கீறல்.
இது தெரியாத என் முதல் வாரத்தில்
பதினேழு செடிகளைக் குப்பையில் எறிந்திருக்கிறேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை.

கீறலின் அடியில்
பச்சை.
உரித்த பட்டாணித் தோலின் உட்புறம்.

"சாகவில்லை, அம்மா.
தூக்க முடியாத சுமையை
இறக்கி வைத்திருக்கிறது."

பணம் வேண்டுமா என்றேன். வேண்டாமாம்.
"என் தப்பா? அதை மட்டும் சொல்."

என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பூச்சி, நோய், உறைபனி, பிற.
பேனா நாலையும் சுற்றி வந்து
ஒன்றையும் தொடாமல் மூடிக்கொண்டது.

அவள் ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
தோண்டி எடுத்து மேடாக நடவும்,
வேர்க்கட்டியின் தலை மண்ணுக்கு இரண்டு விரல் மேலே.
சுற்றும் வேர்களைக் கத்தியால் கீறிப் பிரிக்கவும்.
பயப்பட வேண்டாம்.
மரத்தூள் போர்வை தண்டைத் தொடக் கூடாது.
வசந்தம் வரை உரம் கிடையாது, ஒரு சிட்டிகைகூட.
விரலை மண்ணில் விடவும்,
இரண்டாம் கணுவரை உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.
"அப்படியானால் விடியற்காலையில்
நான் வாளியை என்ன செய்வது?"

அதற்கும் என்னிடம் கட்டமில்லை.
கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள்,
காப்பி குடியுங்கள், என்றேன்.
செடியை ஏற்றிக்கொண்டு போனாள்.
அதே இருக்கை, அதே ஜன்னல்.

ஜனவரியில் இரண்டு முறை பனி.
வேறு யார் யாரோ வந்தார்கள், செத்த ரோஜாக்களோடு,
ரசீது இல்லாத எலுமிச்சையோடு.
வாளியின்மேல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளா என்று
சில காலைகளில் நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில்
நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு ஹார்ன்.
மஞ்சள் பேருந்து, நிற்கவில்லை,
உள்ளே பிள்ளைகளின் கூச்சல்.
ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை,
விரித்த ஐந்து விரல்.

கையசைப்பா, கணக்கா?
கணக்கென்றால்
அந்த ஐந்தில்
என் மேசைக்கு வந்து போனது உண்டா?

ஒரு விரல் நகம்
மண் ஏறிக் கறுத்திருந்தது.
அவ்வளவுதான் தெரிந்தது,
அந்த வேகத்தில்.