பதினொரு இளநீர்

போஸ்டரில் அரிவாள் இருந்தது,
கைப்பிடி வரை சிவப்பு.
அதை நம்பித்தான்
இருபத்தைந்து பிராங்க் கொடுத்தோம்.

பீல் நகரத்தில் தமிழ்ப்படம் என்றால்
ஞாயிறு காலை பத்தரைக்குத்தான்.
கேதீஸ் கைக்காசில் தியேட்டரை வாடகைக்கு எடுத்து
வாசலில் ரோல்ஸும் விற்றான்.

நான் முதல்நாள் இரவு
கடை விளம்பரத் தாள்களைக் கிழித்து
(கோழிக்கால் பாதி விலை, பனிச்சறுக்குச் சப்பாத்து கழிவில்)
காற்சட்டைப் பை இரண்டையும் நிரப்பியிருந்தேன்,
நாயகன் வரும்போது வீச.
வயது நாற்பத்தாறு. சொல்ல வெட்கமில்லை.

வந்தார்.
வந்ததே தெரியவில்லை.
யாரோ ஒருவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
துவாயை எடுத்த பிறகுதான் அவர் என்று கண்டோம்.
அதற்குள் விசிலுக்கு நேரம் கடந்துவிட்டது.
பின்வரிசையில் அனோஜன் ஒருமுறை ஊதிப் பார்த்து
தனித்துப்போய் நிறுத்தினான்.

அரிவாள், இளநீர் சீவ.
அவ்வளவுதான்.
அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டி.
உள்ளே ஆள் கிடப்பவர்கள் வாங்கிப்போவார்கள்.
அவருக்கு உள்ளே யாருமில்லை.

ஒரு மணி நேரம் சீவினார்.
திரையின் அடியில் ஜெர்மனுக்கு ஒரு வரி, பிரெஞ்சுக்கு ஒரு வரி,
இரண்டும் பெரும்பாலும் காலி.
ஒரு போலீஸ் ஜீப் வந்தபோது
"இப்ப அடிபாடு தொடங்கும் பார்" என்றார் தவம் அண்ணர்.
ஜீப் வழி கேட்டுவிட்டுப் போனது.

இடைவேளையில் ரோல்ஸ் விலை குறைந்தது.
சிலர் குடும்பத்தோடு ஜாக்கெட் மாட்டினார்கள்.
நான் இருந்ததற்குக் காரணம்
வெளியே மார்ச் மழை.

பிறகு கதை என்று ஒன்று வந்தது.
ஒரு மனிதன் கடன் சொல்லி வாங்கிப்போன
பதினொரு இளநீர்.
மூன்று நாளாக ஆளைக் காணவில்லை.
காசு கேட்க இவர் முதல் தடவையாக
ஆஸ்பத்திரிக்குள் போகிறார்,
அரிவாளை இடுப்பில் செருகியபடி.
(தவம் அண்ணர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.)
வார்டு வார்டாக, கட்டில் கட்டிலாக.
முப்பத்திநாலாம் கட்டிலில்
மெத்தை சுருட்டிக் கிடந்தது.
விரிப்பை உருவி ஒரு பெண்
மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.
எண்ணினாள். எழுதினாள்.
தலை நிமிரவில்லை.

அவளை எனக்குத் தெரியும்.
எட்டு விநாடி வந்திருப்பாள், பெயரும் இல்லை.
அந்த மூட்டைகள் வந்து இறங்கும் இடத்தில்தான்
பதினேழு வருடமாக நிற்கிறேன்.
ஆஸ்பத்திரிச் சலவை. கணக்குக் கிலோவில்.
பைகளைத் தடவிப் பார்க்கவேண்டும் என்பது விதி:
பேனை, பல்செட்,
ஒருமுறை பாதி உரித்த தோடம்பழம்.
எந்த விரிப்பு எதனால் வந்தது என்று
தராசு சொல்லாது,
நானும் கேட்டதில்லை.

அவர் வெளியே வந்தார்.
ஒரு காயைச் சீவி, குழல் செருகி
வண்டி விளிம்பில் வைத்தார்.
யாரும் எடுக்கவில்லை.
அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஒரு ஈ வந்து உட்காரும் வரை.
முடிந்தது.

விளக்கு வந்ததும் சண்டை தொடங்கியது,
படத்தில் இல்லாத சண்டை.
"காசைத் திருப்பித் தா."
"போஸ்டரை நானா கீறினனான்?"
கேதீஸின் குரல் உடைந்துவிட்டது.
படம் ஓட்டும் மதாம் ரொஷா மட்டும்
ஈரக் கண்ணோடு வந்து அவன் கையைக் குலுக்கினாள்;
அது அவனுக்கு இன்னும் அவமானமாய்ப் போனது.

படம் எப்படி என்று மனைவி கேட்டாள்.
சண்டை இல்லை என்றேன்.

திங்கள் காலை
முதல் மூட்டையின் முடிச்சில் கை நின்றது.
"என்ன?" என்றாள் மிரியானா.
முடிச்சு இறுக்கம் என்றேன்.

செவ்வாய் எங்கள் கட்டடத்தில் எனக்குத் துவைக்கும் முறை.
மெஷினைத் திறந்தால்
எல்லா உடுப்பிலும் கடதாசி,
மனைவியின் கறுப்புச் சட்டையில், காலுறையில், எங்கும்.
என் பைகளை நான் தடவிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த முறைக்காகக் கூடையோடு காத்து நின்ற
கீழ்வீட்டு ஃபிராவ் கெர்பர்
என் முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
வாய்விட்டு வாசித்தாள்:
கோழிக்கால்.